கொடுத்தவர்களும் விற்றவர்களும்: ஹோம்பிரூ கணினிச் சங்கத்தின் கதை

ஆப்பிள் நிறுவனத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் அத்தியாயத்தில் ஹோம்பிரூ கம்ப்யூட்டர் கிளப் என்ற பெயரை ஒருமுறை சொல்லிவிட்டு, நேராக ஸ்டீவ் ஜாப்ஸிடம் போய்விடுவார்கள். விரைவு வண்டி நிற்காமல் கடந்துபோகும் சிற்றூர் நிலையத்தின் கதிதான் அந்தச் சங்கத்துக்கு. 1975 மார்ச் முதல் 1986 டிசம்பர் வரை கலிஃபோர்னியாவில் கூடிய அந்தச் சங்கத்தைத் தனியாக எடுத்துப் படித்தால், கதையின் முக்கியமான ஆட்கள் மாறிவிடுகிறார்கள். அங்கே நடந்த வழக்கும் வேறு. தெரிந்ததை இனாமாகக் கொடுப்பதா, விலைக்கு விற்பதா? சங்கம் இரண்டையும் செய்தது. கொடுத்ததால் வளர்ந்தது, விற்கப் போனதால் கரைந்தது.

தொடங்கிய இருவரில் ஒருவரான ஃப்ரெட் மூர் பொறியாளர் அல்ல, அமைதி இயக்கத்துக்காரர். 1959இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவராக இருந்தபோது, அங்கே கட்டாயமாக இருந்த ராணுவப் பயிற்சியை எதிர்த்து நிர்வாகக் கட்டடத்தின் படிக்கட்டில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். இத்தனைக்கும் அவருடைய தந்தை விமானப்படை அதிகாரி. பின்னாளில் ராணுவ ஆள்சேர்ப்புச் சட்டத்துக்கு ஒத்துழைக்க மறுத்துச் சிறைக்கும் போய்வந்தார். பணத்தின் மேலேயே அவருக்கு நல்லெண்ணம் கிடையாது. 1971இல் ‘ஹோல் எர்த் கேட்டலாக்’ என்ற புகழ்பெற்ற வெளியீட்டை மூடும்போது அதை நடத்தியவர்கள் ஒரு விருந்து வைத்து, 20,000 டாலரைக் கொண்டுவந்து, இதை நல்ல காரியத்துக்கு எப்படிச் செலவழிக்கலாம் என்று வந்திருந்தவர்களிடமே கேட்டார்கள். இரவெல்லாம் வாக்குவாதம். கடைசியில் மிச்சமிருந்த தொகை, பணத்தை நம்பாதீர்கள் என்று பேசிய மூரின் பொறுப்பிலேயே வந்து சேர்ந்தது.

அவர் தேடியது பணத்தை அல்ல, ஆட்களை. எவருக்கு எதில் ஆர்வம், எவருக்கு என்ன தெரியும் என்று அட்டைகளில் எழுதிச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஒத்த ஆர்வமுள்ளவர்களை ஒருவரோடொருவர் கோத்துவிட வேண்டும் என்பது எண்ணம். அட்டைகள் பெருகப் பெருக, இந்த வேலைக்குக் கணினி உதவும் என்று தோன்றியது. அப்படித்தான் மென்லோ பார்க்கில் பாப் ஆல்பிரெக்ட் நடத்திவந்த பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனியின் பக்கம் வந்தார். பெயரில் கம்பெனி இருந்தாலும், தெருவில் போகிறவர்கூட உள்ளே வந்து கணினியைத் தொட்டுப் பார்க்கலாம் என்கிற மாதிரியான இடம் அது. அங்கே அவருக்குப் பழக்கமானவர் கார்டன் ஃப்ரெஞ்ச். ஃப்ரெஞ்ச் பொறியாளர், இன்டெல் 8008 சிப்பை வைத்துத் தன் வீட்டிலேயே ஒரு கணினி கட்டியிருந்தார்.

அந்தக் காலத்தில் கணினி என்றால் பல்கலைக்கழகத்திலோ வங்கியிலோ ராணுவத்திலோ குளிரூட்டிய அறையில் இருப்பது. 1975 ஜனவரியில் ‘பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்’ இதழின் அட்டையில் ஆல்ட்டேர் 8800 என்ற கணினி வந்தது. நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் ஆல்புகெர்க்கியில் எட் ராபர்ட்ஸ் நடத்திய மிட்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. உதிரிபாகங்களாக வாங்கி நீங்களே சாலிடர் வைத்துக் கட்டிக்கொண்டால் 397 டாலர். அதன் மூளையான இன்டெல் 8080 சிப்பின் பட்டியல் விலையே கிட்டத்தட்ட அவ்வளவு. ராபர்ட்ஸ் மொத்தமாகப் பேரம் பேசி வாங்கியதால் இந்த விலை கட்டுப்படியானது. வாங்கியவருக்குக் கிடைத்தது என்ன? திரை இல்லை, விசைப்பலகை இல்லை. முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகள், அவற்றுக்கு மேலே மினுக்கும் சிவப்பு விளக்குகள், 256 பைட் நினைவகம். இன்றைய யூனிகோடு முறையில் தமிழில் எழுதினால், நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்த ஒரு வாக்கியம் முடிவதற்குள்ளேயே அந்த இடம் தீர்ந்துவிடும். ஆனாலும் ஆர்டர்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன.

பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வந்த ஒரு ஆல்ட்டேரை எல்லோரும் சேர்ந்து பார்க்கலாமே என்றுதான் மூரும் ஃப்ரெஞ்சும் துண்டறிக்கை ஒட்டினார்கள். நீங்களே கணினி கட்டுகிறீர்களா, ஒத்த எண்ணமுள்ளவர்களைப் பார்க்க ஆசையா, வாருங்கள் என்பது அதன் சாரம். 1975 மார்ச் 5, புதன்கிழமை. வெளியே மழை. மென்லோ பார்க்கில் ஃப்ரெஞ்ச் வீட்டுக் கார் ஷெட்டில் 32 பேர் கூடினார்கள். அவர்களில் ஆறு பேர் ஏற்கெனவே ஏதோ ஒரு வகைக் கணினியைச் சொந்தமாகக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். ஸ்டீவ் டாம்ப்பியர் என்ற இளைஞர், தன் ஆர்டர் என்ன ஆயிற்று என்று கேட்க ஆல்புகெர்க்கி வரை நேரில் போய்வந்த கதையைச் சொன்னார்: மிட்ஸ் கையில் 4,000 ஆர்டர், அனுப்பச் சரக்குதான் இல்லை. உதிரிபாக வியாபாரி மார்ட்டி ஸ்பெர்கெல் ஒரு 8008 சிப்பை உயர்த்திப் பிடித்து, யாருக்கு வேண்டும் என்று கேட்டு அங்கேயே கொடுத்துவிட்டார். சங்கத்தின் குணம் அந்த ஒரு கணத்திலேயே தெரிந்துவிட்டது.

பத்தே நாளில், மார்ச் 15 அன்று, மூர் முதல் செய்திமடலை வெளியிட்டார். அன்றைய கூட்டத்தில், வீட்டில் கணினி இருந்தால் அதை வைத்து என்ன செய்வது என்று கேட்டபோது வந்த பதில்களை அதில் பட்டியலிட்டிருக்கிறார். எழுத்துத் திருத்தம், தகவல் சேமிப்பு, கல்வி, வீட்டின் வெப்பத்தையும் திருட்டு எச்சரிக்கை மணியையும் தோட்டத்து நீர்த்தெளிப்பானையும் கட்டுப்படுத்துவது, சமையல், எல்லாவகை விளையாட்டு, திரையில் படம் வரைவது, இசை, சின்ன ரோபோக்கள். 256 பைட் பெட்டியைச் சுற்றி நின்றுகொண்டு சொன்ன பட்டியல் இது. பெரிய கணினி நிறுவனங்களின் திட்டக் குழுக்கள் அந்த ஆண்டு உருவாக்கிய எந்த ஆவணத்தை விடவும் இந்த ஒரு பக்கம் எதிர்காலத்தைச் சரியாகக் கணித்திருக்கிறது என்றால் மிகையாகாது.

கூட்டம் சீக்கிரமே கார் ஷெட்டைத் தாண்டியது. இரண்டாம் கூட்டம் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை அறிவு ஆய்வகத்தில் நடந்தது; பிறகு மென்லோ பார்க்கில் உள்ள பெனின்சுலா பள்ளிக்கு மாறியது. ஏப்ரல் 16 அன்று அந்தப் பள்ளியில் நடந்ததைச் சங்கத்துக்காரர்கள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

டாம்ப்பியரின் ஆல்ட்டேர் ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தது. வீட்டில் அதில் ஒரு நிரலை ஓடவிட்டபோது பக்கத்திலிருந்த ரேடியோ கத்தியது. சிப்புக்குள் மின்சாரம் மாறி மாறி ஓடும்போது கிளம்பும் மின்காந்த இரைச்சலை ரேடியோ பிடித்துக்கொள்கிறது. நிரலில் ஒரு சுழற்சி எத்தனை முறை திரும்புகிறது என்பதைப் பொறுத்து ஒலியின் சுருதி மாறுகிறது. வேறு ஆளாக இருந்தால் ரேடியோவைத் தள்ளி வைத்திருப்பார். டாம்ப்பியர் எந்த எண்ணுக்கு எந்தச் சுரம் என்று கண்டுபிடித்து எழுதி வைத்தார். பள்ளியில் அத்தனை எண்களையும் சுவிட்சைத் தட்டித் தட்டியே உள்ளிட்டார். முடிக்கும் நேரத்தில் யாரோ ஒரு பிள்ளை மின்கம்பியில் இடறி விழ, நினைவகம் காலி; மறுபடி முதலிலிருந்து. கடைசியில் பீட்டில்ஸ் குழுவின் ‘தி ஃபூல் ஆன் தி ஹில்’ பாட்டு ரேடியோவிலிருந்து கரகரவென்று வந்தது. அதை அடுத்து ‘டெய்ஸி’. 1961இல் பெல் ஆய்வகத்தில் ஒரு ராட்சதக் கணினி பாடிய அதே பாட்டு. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எதற்கும் உதவாது என்று சொல்லப்பட்ட பெட்டி, அதைக் கட்டியவர்களே எதிர்பாராத ஒன்றைச் செய்துகாட்டிவிட்டது.

பின்னர் ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டுத் துகள் முடுக்கி மையத்தின் அரங்கம் நிரந்தர இடமாயிற்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நூற்றுக்கணக்கானோர். மேடையில் கையில் ஒரு குச்சியோடு லீ ஃபெல்சென்ஸ்டைன். 1973இல் பெர்க்லியின் ஓர் இசைத்தட்டுக் கடையில் பொதுமக்கள் விளம்பரம் எழுதவும் தேடவும் ஒரு கணினி முனையத்தை வைத்த ‘கம்யூனிட்டி மெமரி’ குழுவைச் சேர்ந்தவர் அவர். கூட்டத்தை இரண்டு பகுதியாகப் பிரித்தார். முதல் பகுதிக்கு ‘மேப்பிங்’ என்று பெயர்: எழுந்து நின்று, என்னிடம் இது இருக்கிறது, எனக்கு அது வேண்டும், இந்தச் சிக்கலில் மாட்டியிருக்கிறேன் என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஃபெல்சென்ஸ்டைன் ஒரு நக்கலோடு அடுத்தவரைக் காட்டுவார். இரண்டாவது ‘ரேண்டம் ஆக்சஸ்’: இருக்கையை விட்டு எழுந்து, சற்றுமுன் கேட்டதில் தனக்கு வேண்டிய ஆளைத் தேடிப் பிடித்துப் பேசலாம். மூர் அட்டைகளில் செய்ய நினைத்ததை, ஃபெல்சென்ஸ்டைன் ஓர் அரங்கத்தில் அட்டையில்லாமலே நடத்திக்காட்டினார். தலைவர் உரை, வரவேற்புரை, நன்றியுரை என்று எதுவும் கிடையாது. நம் ஊர்ச் சங்கங்கள் இதையாவது கவனிக்கலாம். அரங்கம் மூடியதும் பேச்சு ‘ஓயசிஸ்’ என்ற மதுக்கடையில் தொடரும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தாராள மனத்துக்குப் பின்னால் வேறு யாரோ கொடுத்த சம்பளம் இருந்தது. உறுப்பினர்களில் பலர் சிப் நிறுவனங்களிலும் ஹியூலெட்-பேக்கார்டிலும் பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்த நிறுவனங்களிலும் பகலில் உழைத்தவர்கள். சோதனைக் கருவிகள் அலுவலகத்துடையவை. உதிரிபாகங்கள் எங்கிருந்து வந்தன என்று யாரும் துருவிக் கேட்டதில்லை. கூட்டம் நடந்த துகள் முடுக்கி மையமோ அமெரிக்க அரசுப் பணத்தில் கட்டியது. போரை எதிர்த்துச் சிறை சென்றவர் தொடங்கிய சங்கம், பனிப்போர்ச் செலவில் வளர்ந்த ஒரு வட்டாரத்தின் உபரியில் ஓடியது. இதில் போலித்தனம் எதுவும் இல்லை. ஆனால் இனாம் என்பதன் கணக்கை வேறெங்கோ ஒருவர் தீர்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கணக்கு முதலில் வெடித்தது ஒரு காகித நாடாவில். 1975 ஜூனில் மிட்ஸ் நிறுவனம் பாலோ ஆல்ட்டோவின் ரிக்கீஸ் ஹயட் ஹவுஸ் விடுதியில் ஆல்ட்டேரைக் காட்சிக்கு வைத்தது. அதில் ஓடியது பேசிக் என்ற நிரல்மொழிக்கு பில் கேட்ஸும் பால் ஆலனும் எழுதிய பதிப்பு. பணம் கட்டிய பலருக்கு அது இன்னும் வந்திருக்கவில்லை. விடுதியில் தரையில் கிடந்த, அந்தப் பேசிக் பதிந்திருந்த ஒரு துளையிட்ட நாடாவை யாரோ எடுத்தார்கள். சங்க உறுப்பினர் ஒருவர் அதை வேகமான கருவியில் நகலெடுத்தார். அடுத்த கூட்டத்துக்குப் பெட்டி நிறைய நாடாக்கள் வந்தன. நிபந்தனை ஒன்றுதான்: ஒன்று எடுத்துப்போனால் அடுத்த முறை இரண்டு கொண்டுவர வேண்டும்.

1976 பிப்ரவரி 3 தேதியிட்டு, 20 வயது கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஹோம்பிரூ செய்திமடலும் அதை அச்சிட்டது. பேசிக்கை உருவாக்கப் பயன்படுத்திய கணினி நேரத்தின் மதிப்பே 40,000 டாலருக்கு மேல். ஆல்ட்டேர் வைத்திருப்பவர்களில் பத்தில் ஒருவர்கூட அதை விலைகொடுத்து வாங்கவில்லை. வந்த பங்குத்தொகையைக் கணக்கிட்டால் எங்கள் உழைப்புக்கு மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை. நீங்கள் செய்வது திருட்டு என்பது கடிதத்தின் சாரம். பதில்கள் சூடாக வந்தன. அந்தக் கணினி நேரம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துடையது, அதற்குப் பணம் கொடுத்தது அரசாங்கம் அல்லவா என்று சிலர் திருப்பிக் கேட்டார்கள். இரு தரப்பும் பொதுப்பணத்தில் விளைந்ததை வைத்துக்கொண்டே எது யாருடையது என்று வாதாடியது இந்தச் சண்டையின் வேடிக்கை.

கேட்ஸ் சொன்னதில் நியாயம் இருந்தது. எழுதியவருக்குக் கூலி வேண்டும். ஆனால் திருட்டு என்று அவர் சொன்ன காரியம்தான் அவருடைய பேசிக்கை ஊரெங்கும் பழக்கமான மொழியாக்கியது. அடுத்து வந்த கணினி நிறுவனங்கள் மைக்ரோசாஃப்டின் பேசிக்கையே கேட்டு வாங்கியதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

வாதத்தைவிடச் சுவையானவை செயலில் வந்த பதில்கள். ஸ்டான்ஃபோர்டில் கற்பித்த டென்னிஸ் ஆலிசன், சின்ன நினைவகத்துக்குள் அடங்கும் ‘டைனி பேசிக்’ மொழியின் இலக்கணத்தைப் பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனியின் இதழில் வெளியிட்டு, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றார். எழுதினார்கள். வந்து குவிந்த நிரல்களை அச்சிடுவதற்கென்றே 1976 ஜனவரியில் ஜிம் வாரனை ஆசிரியராகக் கொண்டு ‘டாக்டர் டாப்ஸ் ஜர்னல்’ பிறந்தது. நகலெடுப்பதைவிட வாங்குவது சுலபம் என்கிற அளவுக்கு விலை குறைவாக இருந்தால் திருட்டு தானாக ஒழியும் என்று வாரன் வாதிட்டார். உறுப்பினர் டாம் பிட்மன் தன் டைனி பேசிக்குக்கு 5 டாலர் விலை வைத்து அதைச் சோதித்தும் பார்த்தார். பணத்தோடு கடிதங்கள் வந்தன. லி-சென் வாங் 1976இல் வெளியிட்ட பாலோ ஆல்ட்டோ டைனி பேசிக்கின் தலைப்பில், வழக்கமான காப்புரிமை அறிவிப்பைத் தலைகீழாக்கி, காப்பிலெஃப்ட் என்று போட்டார். கட்டற்ற மென்பொருள் இயக்கம் இதே சொல்லைத் தன் கொடியில் எழுத இன்னும் சில ஆண்டுகள் இருந்தன.

இனி வாஸ்னியாக். முதல் கூட்டத்துக்கு வந்த ஸ்டீவ் வாஸ்னியாக், ஹியூலெட்-பேக்கார்டில் கால்குலேட்டர் வடிவமைத்தவர், கூச்ச சுபாவி. அன்று கையில் கிடைத்த ஒரு சிப்பின் விவரத்தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தார். பள்ளிக் காலத்தில் காகிதத்தில் வரைந்து விளையாடிய மினி கணினிகளின் சூட்சுமம் இதிலும் இருப்பது புரிந்தது. இன்டெல் சிப் அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. மாஸ் டெக்னாலஜி நிறுவனம் 6502 சிப்பை 25 டாலருக்கு விற்க ஆரம்பித்ததும் அதை வைத்துக் கட்டினார். தொலைக்காட்சிப் பெட்டியையும் விசைப்பலகையையும் இணைத்தார். சர்க்யூட் படத்தை நகலெடுத்துச் சங்கத்தில் இனாமாகவே கொடுத்தார். சிலருக்குக் கட்டிக்கொடுக்க வீட்டுக்கும் போனார். படம் வாங்கிப்போகிறவர்களுக்குக் கட்ட நேரமில்லை, போர்டாகவே விற்கலாம் என்று சொன்னவர் நண்பர் ஜாப்ஸ். 1976 ஏப்ரல் 1 அன்று ஆப்பிள் நிறுவனம் தொடங்கியது. சங்கத்துக்கு வந்துபோகும் பால் டெரெல் தன் ‘பைட் ஷாப்’ கடைக்கு 50 கணினிகள் கேட்டார், ஒன்று 500 டாலர் வீதம், ஆனால் முழுசாகக் கட்டித்தர வேண்டும் என்று. சில்லறை விலை 666.66 டாலர். ஏறத்தாழ 200 ஆப்பிள் I மட்டுமே தயாராயின.

அடுத்த ஆப்பிள் II கணினிக்கு வண்ணமும் ஒலியும் எதற்கு வந்தன தெரியுமா? ‘பிரேக்அவுட்’ என்ற பந்தாட்டத்தைப் பேசிக் மொழியிலேயே எழுதிச் சங்கத்தில் காட்டி அசத்த வேண்டும் என்ற ஆசைதான் என்று வாஸ்னியாக் பலமுறை சொல்லியிருக்கிறார். சந்தை ஆய்வு எதுவும் செய்யவில்லை. அந்த அரங்கத்தின் கைதட்டலே சந்தை ஆய்வாக இருந்தது.

ஆப்பிள் ஒன்றுதான் பிறந்தது என்றில்லை. மிட்ஸ் விற்ற நினைவக அட்டைகள் சரியாக வேலை செய்யாததால், முதல் கூட்டத்துக்கு ஃபெல்சென்ஸ்டைனோடு வந்திருந்த பாப் மார்ஷ் ‘பிராசசர் டெக்னாலஜி’ தொடங்கி 4 கிலோபைட் அட்டை விற்றார். ஹாரி கார்லண்டும் ரோஜர் மெலனும் குரோமெம்கோவை ஆரம்பித்தார்கள். அரங்கத்தின் பின்பக்கம் பெட்டியில் வைத்துப் புத்தகம் விற்ற ஆடம் ஆஸ்போர்ன், 1981இல் ஃபெல்சென்ஸ்டைன் வடிவமைத்த, கையில் தூக்கிப்போகும் ஆஸ்போர்ன் 1 கணினியை 1,795 டாலருக்கு விற்றார். எடை 11 கிலோ. தூக்கிப்போகலாம் என்பது கொஞ்சம் தாராளமான வர்ணனை. வீடியோ விளையாட்டுக்குக் கழற்றி மாட்டும் கார்ட்ரிட்ஜைக் கொண்டுவந்த ஃபேர்சைல்ட் சேனல் எஃப் கருவியின் பொறியாளர் ஜெர்ரி லாசனும் உறுப்பினர்தான். சங்கத்தில் இருந்த கறுப்பினத்தவர் தன்னையும் சேர்த்து இரண்டே பேர் என்று அவர் பின்னாளில் சொன்னார். பெண்களையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லோருக்கும் கணினி என்று பேசிய அரங்கத்தில் அந்த ‘எல்லோரும்’ இன்னும் வந்து சேரவில்லை.

நிறுவனங்கள் பெருகியதும் மேப்பிங் நேரத்தில் மௌனம் பெருகியது. அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னால் முன் வரிசையில் இருக்கும் போட்டியாளர் காதில் விழும். சிலர் சொல்வதைக் குறைத்தார்கள். சிலர் வருவதையே நிறுத்தினார்கள். வியாபாரம் தலையெடுத்ததைப் பிடிக்காத மூர், முதலாண்டு முடியுமுன்பே விலகி அமைதி இயக்கத்துக்குத் திரும்பியிருந்தார். 1977 ஏப்ரலில் ஜிம் வாரன் சான் பிரான்சிஸ்கோவில் நடத்திய மேற்குக் கரைக் கணினிச் சந்தைக்கு 12,000 பேருக்கு மேல் வந்தார்கள். ஆப்பிள் II அறிமுகமானது அங்கேதான். இனி புதுக் கணினியைப் பார்க்கச் சங்கத்துக்குப் போக வேண்டியதில்லை, கடைக்குப் போனால் போதும். செய்திமடல் அந்த ஆண்டு டிசம்பரில் நின்றது. கூட்டங்கள் மட்டும் இன்னும் ஒன்பது ஆண்டுகள் நடந்து, 1986 டிசம்பர் 17 அன்று முடிந்தன.

இந்தச் சங்கம்தான் முதல் என்பதும் சரியல்ல. வீட்டில் கணினி கட்டுகிறவர்களுக்காக ஸ்டீபன் கிரே 1966இலேயே ‘அமெச்சூர் கம்ப்யூட்டர் சொசைட்டி’ நடத்தி மடல் அனுப்பிவந்தார். 1977இல் 13 வயதுச் சிறுவன் ஜோனதன் ராட்டன்பெர்க் தொடங்கிய பாஸ்டன் சங்கம் 30,000 உறுப்பினர்களைத் தாண்டியது, 1996இல் மூடப்பட்டது. ஹோம்பிரூவோடு ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறந்த நியூ ஜெர்சிச் சங்கம் நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் கூடியது. இவற்றுக்கு வரலாற்று நூல்களில் ஒரு பத்தி கிடைத்தாலே அதிகம். காரணம் எளிது: அங்கிருந்து ஒரு ஆப்பிள் புறப்படவில்லை. நிறுவனத்தின் விலையை வைத்துச் சங்கத்தின் பெருமையை அளப்பது, மூரும் ஃப்ரெஞ்சும் எதற்காகத் துண்டறிக்கை ஒட்டினார்களோ அதற்கு நேரெதிரான அளவுகோல்.

ஹோம்பிரூ செய்திமடல் மொத்தம் 21 இதழ்கள்தான். வருடிச் சேமித்த படிகள் இணையத்தில் இனாமாகவே கிடைக்கின்றன. ஜாப்ஸின் வாழ்க்கை வரலாறு எதையும் எடுப்பதற்கு முன் அவற்றில் முதல் இதழையாவது ஒருமுறை படித்துவிடுங்கள்.